டினை என்றொரு வினைச்சொல்

கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் படிப்பு வட்டத்தில் கேட்டான்: “அண்ணே, இங்கிலீஷ்ல ‘டினை’ன்னு ஒரு வெர்ப் இருக்கு. அதுக்கு குடுக்க மாட்டேன்னு சொல்றதா அர்த்தம், இல்ல, அப்படி நடக்கவே இல்லன்னு சொல்றதா?”

ரெண்டும்தான் தம்பி. அகராதியைப் புரட்டினால் ரெண்டு அர்த்தமும் தனித்தனி எண் போட்டு இருக்கும். நம்ம ஊரில் அந்த ரெண்டையும் ஒரே ஆள் செய்கிறான். காலையில் முதல் அர்த்தம், சாயங்காலம் ரெண்டாவது அர்த்தம். காலையில் கோயில் வாசலில் நின்று ‘உள்ள வராத’ என்கிறான். சாயங்காலம் தாசில்தார் முன்னால் நின்று ‘நாங்க யாரையும் தடுக்கலீங்க, இங்க எல்லாரும் தாயா புள்ளையாத்தான் பழகுறோம்’ என்கிறான். முதலாவது உரிமையைப் பறிக்கிறது. ரெண்டாவது, பறிபோனது என்று சொல்கிற வாயையும் பறிக்கிறது.

தமிழில் ‘மறு’ என்கிற வினையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘அனுமதி மறுத்தார்கள்’ என்கிறோம். ‘குற்றச்சாட்டை மறுத்தார்கள்’ என்றும் எழுதுகிறோம். பத்திரிகையில் ரெண்டுக்கும் ஒரே சொல். இங்கிலீஷில் ‘ரெஃப்யூட்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ஆதாரம் காட்டிப் பொய்யென்று நிரூபிப்பதற்கு அந்தச் சொல். ‘டினை’க்கு ஆதாரம் எதுவும் தேவையில்லை. வாயைத் திறந்து இல்லை என்றால் போதும், மறுத்ததாகிவிடும். ஆதிக்கச் சாதிக்காரன் ஒருநாளும் ‘ரெஃப்யூட்’ செய்ததில்லை தோழர்களே. அவன் ‘டினை’ மட்டும்தான் செய்வான். அவன் சொல்லே அவனுக்கு ஆதாரம்.

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் பெரிய கோபுரத்தைப் பார்க்கிறார்கள். பௌர்ணமிக்கு பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. ‘பாத்தியா, அண்ணாமலையார் சன்னதியில எல்லாரும் சமம்’ என்று பேசிக்கொள்கிறார்கள். சரி, பஸ் ஏறி தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூருக்குப் போவோம். அங்கே முத்துமாரியம்மன் கோயில். யாருடைய சொந்தக் கோயிலும் கிடையாது, இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில். அந்தக் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30-ஆம் தேதி. காந்தி கொல்லப்பட்ட நாள். அரசு அலுவலகங்களில் வரிசையாக நின்று தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி படிக்கிற நாள். மாவட்ட ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும் கூட நடக்க, போலீஸ் படை சுற்றி நிற்க, நம்ம சனங்கள் மாலையும் பூசைச் சாமானுமாகப் போய் ஆத்தாளைக் கும்பிட்டார்கள். எண்பது வருசமாக இந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை என்று அந்த மக்கள் சொன்னார்கள். எதிர்ப்பக்கம் ஆதிக்கச் சாதியினர் நூற்றுக்கணக்கில் கூடிநின்று ஆட்சேபித்தார்கள். அதே வருசம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அதே மாவட்டத்தில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுக்குள்ளும் போலீஸ் பாதுகாப்போடுதான் போக வேண்டியிருந்தது.

சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. தென்முடியனூர் நடந்தது 2023-இல். நடுவில் 76 வருசம். இத்தனை வருசம் அந்தக் கதவு எப்படி மூடியே கிடந்தது? முதல் அர்த்தத்து டினையால் மட்டும் அது முடியாது. ‘இங்க அப்படி ஒண்ணும் இல்ல’ என்ற ரெண்டாவது டினை கூட நின்று காவல் காத்தது. ஊர்ப் பெரியதனம் சொன்னது, வி.ஏ.ஓ. எழுதினார், மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டார். கோப்பு மூடியது, கதவும் மூடியது.

அடுத்து நம்ம இலக்கணத்துக்கு வருவோம். பத்திரிகைச் செய்தி எப்படி எழுதுகிறது? ‘தலித்துகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.’ யார் மறுத்தது? ‘பட்டது’. அவ்வளவுதான். எழுவாய் ஓடி ஒளிந்துகொண்டது. மழை பெய்தது, காற்று அடித்தது என்பதுபோல அனுமதி தானாகவே மறுக்கப்பட்டுவிட்டது. செய்தவன் இல்லாத செயலாக ஒரு குற்றத்தை எழுதிவிட்டால், குற்றவாளியை எங்கே போய்த் தேடுவது? வருத்தமான விசயம், நம்ம துண்டறிக்கையிலும் மனுவிலும்கூட இதே ‘பட்டது’தான். தாக்கப்பட்டனர், ஒதுக்கப்பட்டனர், ஒடுக்கப்பட்டோர். நம்ம பெயரையே செயப்பாட்டு வினையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசியல் சட்டம் இந்த வினையை எப்படிக் கையாளுகிறது என்று பாருங்கள். பிரிவு 14-இன் இங்கிலீஷ் வாசகத்திலேயே ‘டினை’ இருக்கிறது. சட்டத்தின் முன் சமத்துவத்தை எந்த மனிதருக்கும் அரசு டினை செய்யக் கூடாது என்கிறது. அங்கே எழுவாய் ஒளியவில்லை, ‘அரசு’ என்று பெயர் சொல்லியே ஆரம்பிக்கிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் வந்து, 1976 திருத்தத்தில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 12-ஆம் பிரிவை மாணவத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக அந்தச் சட்டம் சொல்கிற குற்றம் நடந்தால், அது தீண்டாமையின் பேரால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு எதிராளியுடையது. அதாவது ‘டினை’ செய்தால் போதாது, ‘ரெஃப்யூட்’ செய்து காட்டு என்கிறது சட்டம். சட்டத்துக்கு ரெண்டு வினைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஸ்டேசனில் உட்கார்ந்து ‘ரெண்டு தரப்பையும் விசாரிச்சோம், அவங்க மறுக்குறாங்க’ என்று மனுவைத் திருப்பித் தருகிற அதிகாரிக்குத்தான் தெரியவில்லை. தெரியாததுபோல இருக்கிறார் என்பதே சரி.

மறுப்புக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போன பிரச்சினையில், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். சட்டம் ஒழுங்காம். இனி யாரும் உள்ளே போக முடியாது, பார்த்தீர்களா எவ்வளவு சமத்துவம்! உள்ளே இருந்தவனுக்கும் வெளியே நின்றவனுக்கும் ஒரே பூட்டு. ஆனால் வெளியே நின்றவனுக்கு அது புதுப் பூட்டு இல்லையே. அவனுக்கு ஏற்கனவே இருந்த பூட்டின்மேல் அரசாங்கம் இன்னொரு பூட்டு போட்டது, அவ்வளவுதான்.

இங்கே நம்ம பக்கத்துத் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: ‘சாமியே வேணாங்குற நாம, கோயிலுக்குள்ள போறதுக்கு இன்னாத்துக்கு சண்டை போடணும்?’ நியாயமான கேள்வி. அண்ணல் அம்பேத்கரிடமே பதில் இருக்கிறது. 1930-இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் சத்தியாகிரகத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். 1933-இல் ரங்க ஐயரின் ஆலய நுழைவு மசோதாவுக்கு ஆதரவு தர மறுத்தவரும் அவரே. தீண்டாமை பாவம் என்று அந்த மசோதா சொல்லவில்லை என்பது அவர் காரணங்களில் ஒன்று. 1935-இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அங்கே எடுத்த 22 உறுதிமொழிகளில் முதலில் வருபவை எல்லாம் மறுப்புகள்தாம். இதை ஏற்க மாட்டேன், அதை வணங்க மாட்டேன்.

கதவு திறக்காத இடத்தில் ‘எனக்கு வேணாம்’ என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? எட்டாத பழம் புளிக்கும் என்பார்கள். உள்ளே போகிற உரிமை கையில் இருக்கிறவன்தான் போக மாட்டேன் என்று மறுக்க முடியும். கதவைத் திறக்க வைப்பதும், திறந்தபிறகு முதுகைக் காட்டி வருவதும் ஒரே போராட்டத்தின் ரெண்டு காலடிகள். நம்ம ஆத்தாமார்கள் கும்பிடப் போனால் போகட்டும், நாம் வராமல் இருந்தால் இருப்போம். அதை முடிவு செய்கிறவன் ஊர்த்தெருக்காரனாக இருக்கக் கூடாது.

‘டினை’க்கு மூணாவது அர்த்தம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. தமிழ் விவிலியத்தில் அதற்கு ‘மறுதலித்தல்’ என்று பெயர். சேவல் கூவுமுன் பேதுரு மூணு தடவை, அந்த மனுசனை எனக்குத் தெரியாது என்று சொன்ன கதை காலனிக் கோயில்களில் எல்லாருக்கும் தெரியும். பயத்தில் தன் ஆளையே தெரியாது என்பது. நாம் செய்யவில்லையா? டவுனில் வாடகைக்கு வீடு தேடும்போது ‘எந்தத் தெரு?’ என்று கேட்டால் சுற்றிவளைக்கிறோம். ஆபீசில் சாதிப்பேச்சு வந்தால் எழுந்து டீ குடிக்கப் போகிறோம். பார்க்க வந்த அப்பனை ‘ஊர்க்காரர்’ என்று அறிமுகப்படுத்தியவர்கள் உண்டு. அந்தப் பேதுரு மேல் எனக்குக் கோபமில்லை. அவனைப் பயப்பட வைத்தது யார் என்பதையும் கேட்க வேண்டும். ஆனால் அவன் பின்னால் மனங்கசந்து அழுதான், திரும்பியும் வந்தான். நாமும் திரும்பி வர வேண்டும்.

காலனியில் ஒரு பையன் தலைநிமிர்ந்து பேசினால் ஊரில் இன்றைக்கும் விழுகிற முதல் வார்த்தை ‘எதுத்தா பேசுற?’ அவன் மறுப்பதற்கு உரிமை என்று பெயர். நாம் மறுத்தால் அதற்குத் திமிர் என்று பெயர். வினைச்சொல் ஒன்றுதான், எழுவாய் மாறினால் அர்த்தம் மாறுகிறது.

அதனால் தோழர்களே, அடுத்த மனு எழுதும்போது ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். இந்தத் தேதி, இந்த நேரம், இந்த வாசலில், இன்னார் மகன் இன்னார், எங்களில் இன்னாரைப் பார்த்து, இந்த வார்த்தை சொல்லி மறுத்தார் என்று எழுதுங்கள். எழுவாயைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வாக்கியத்தின் முன்னால் நிறுத்துங்கள். அவர் இல்லை என்று மறுக்கட்டும். பிரிவு 12-ஐக் காட்டி, சரி, நிரூபியுங்கள் என்று கேளுங்கள்.

அந்தத் தம்பி நோட்டில் மூணு அர்த்தத்தையும் எழுதிக்கொண்டான். நாலாவதாக ஒன்றை அவனே எழுதிக் காட்டினான்: ‘டினை — நாங்கள் செய்ய வேண்டியது.’