பழகிவிட்டது என்பது தரவு அன்று

"அங்கிருப்பவர்களுக்கு அந்த நாற்றம் பழகிவிட்டது." தில்லியில் அண்மையில் நடந்த ஓர் ஆய்வரங்கில், காஸிப்பூர் குப்பைமலையை ஒட்டி வாழ்வோரைப் பற்றி ஒருவர் இவ்வாறு கூறினார். எவரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்கான பிராயச்சித்தமே இப்பதிவு.

காஸிப்பூரில் 1984 முதல் குப்பை கொட்டப்படுகிறது. 2002இலேயே அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டது, கொட்டுவது நிற்கவில்லை. நிற்காததற்கு "பழகிவிட்டது" என்னும் சொல்லும் ஒரு துணை.

மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்பணுக்களில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. இவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்தனர். 2004இல் நோபெல் பரிசு பெற்றனர். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் இந்த அணுக்கள் தம் கூருணர்வைக் குறைத்துக்கொள்கின்றன. மூளையும் அச்செய்தியைப் புறந்தள்ளுகிறது. புதிதாக வருவதை உடனே அறிவதற்கு உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. இதில் குறைவது செய்திதான். காற்றிலுள்ள வாயு அன்று. நுரையீரலுக்கு இத்தகைய பழக்கம் கிடையாது.

இதன் கொடிய வடிவத்தைச் சாக்கடைக்குள் காணலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும் நொடியே சாவுக்கு மிக அருகிலுள்ள நொடியாக இருக்கலாம். கையால் மலமள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 2018 செப்டம்பரில் மோதி நகரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஐவர் இறந்தனர். அவர்களுக்கும் "பழகிவிட்டது" என்று எழுதுவோமா?

செவியின் கதை வேறு. உட்செவியின் மயிரணுக்கள் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. இரைச்சலால் அழிந்தால் பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பிடுகின்றன. சாலையோரத்தில் நாளெல்லாம் நிற்கும் வியாபாரி "சத்தம் இப்போது தெரிவதில்லை" என்றால், அது பழக்கமாகவும் இருக்கலாம். செவி இழப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். செவியைச் சோதிக்காமல் எப்படிச் சொல்வீர்கள்?

படித்தவர்களாகிய நாம் நம்புவது கண்ணை. மார்கழிப் புகைமூட்டம் கண்ணில் பட்டால் நீதிமன்றம் முதல் நாடாளுமன்றம் வரை பேசுகிறோம். கோடையில் நீலவானத்தின்கீழ், வாகனப் புகையின் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உருவாகும் ஓசோன் நிறமற்றது. எனவே பேச்சும் இல்லை.

"மக்கள் கூற்றை ஆய்வாளர் மதிக்க வேண்டாமா?" என்பர். மதிக்கத்தான் வேண்டும். ஆனால் "நாற்றம் தொந்தரவா?" என்று வீட்டுவாசலில் கேட்டு, "இல்லை" என்ற விடையைத் "தீங்கில்லை" என்று மொழிபெயர்ப்பது மதிப்பன்று. ஊருக்குப் போய்த் திரும்பியவரிடம், வந்திறங்கிய அன்றே கேளுங்கள். தூய காற்றில் தேறிவந்த மூக்கு வேறு விடை தரும். கூடவே கருவியையும் வையுங்கள்.

அதுவரை உங்கள் ஆய்வேட்டில் "பழகிவிட்டனர்" என்று எழுதாதீர்கள். புலன் ஓய்ந்துபோனதை உடலின் சம்மதமாகக் கொள்ள நமக்கு உரிமை இல்லை.