அடுத்தவர் பெயரில் ஓர் அறை

கல்லூரிகள் திறக்கும் நாட்களில் செம்மேட்டிலிருந்து கீழே இறங்கும் பேருந்தில் ஏறிப் பார்த்தால் தெரியும். பாய், தகரப்பெட்டி, அரிசி மூட்டையோடு நம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, காரவள்ளி வழியாகச் சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று போவார்கள். அரசு விடுதியில் இடம் கிடைத்தவர்களுக்குக் கவலையில்லை. கிடைக்காதவர்கள் ரூம் தேட வேண்டும். அங்கே வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு வாடகை தருவீங்க?" என்பதல்ல, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான்.

மலைக்கிராமத்துப் பழங்குடிப் பிள்ளைக்கும் சரி, அடிவாரத்துச் சேரியிலிருந்து போகும் பிள்ளைக்கும் சரி, அந்தக் கேள்வியைத் தாண்டுவது கடினம். அதனால் ஒரு குறுக்கு வழி பழக்கத்தில் இருக்கிறது. வேறு சாதி நண்பன் ஒருவன் தன் பெயரில் அறையை எடுப்பான். நம் பிள்ளை அவனிடம் மாதம் பாதி வாடகையைக் கொடுத்துவிட்டு உள்ளே தங்கிக்கொள்வான். இதற்குப் பெயர் உள்வாடகை. நட்பின் பெயரால் நடப்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்த அன்று, பெட்டியோடு தெருவில் நிற்பவன் நம் பிள்ளைதான். அவன் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அட்வான்ஸில் அவன் போட்ட பங்குக்கும் சாட்சி இருக்காது.

இது புதிய கதையன்று. 1917இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் தர யாரும் முன்வரவில்லை. பார்சி விடுதி ஒன்றில், பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள், தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேறச் சொன்னார்கள். நண்பர்களிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். வாடகையை ஒழுங்காகத்தான் கொடுத்தார். ஆனால் அறை அவர் பெயரில் இல்லை.

நூறாண்டு கழித்தும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டு ஆய்வு நடத்தி, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். தொலைபேசியில் உயர்சாதிப் பெயரைச் சொன்னவர்களுக்கு மறுப்பே இல்லை. தலித் பெயரைச் சொன்னவர்களில் 18 சதவீதத்தினருக்கும், முஸ்லிம் பெயரைச் சொன்னவர்களில் 31 சதவீதத்தினருக்கும் வீடு மறுக்கப்பட்டது. தலைநகரத்திலேயே இப்படி என்றால், தெருவுக்குத் தெரு சாதி தெரிந்த நம் ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளுக்கு இது பொருந்தும். இதன்படி உள்வாடகை குற்றமன்று. ஆனால் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். வாய்ச் சம்மதம் செல்லாது. அந்தக் கையெழுத்து இல்லாமல் அறையை இன்னொருவர் கையில் விட்டால், அதையே காரணமாகக் காட்டி வாடகைதாரரை வெளியேற்றக் கேட்கலாம். ஆக, உதவி செய்த நண்பனுக்கும் ஆபத்துதான்.

மலைமேல் உள்ள ஊர்கள் கிராம ஊராட்சிகள். அங்கே இந்தச் சட்டம் வராது; 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். அதன் 108ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் தடை எழுதப்படாத வரை வாடகைதாரர் உள்வாடகைக்கு விடலாம். செம்மேட்டில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

"சாதியைக் கேட்டு வீடு தராதவர், உள்வாடகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுவாரா?" என்று மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போடமாட்டார் என்பதுதான் பெரும்பாலும் பதில். அதனால்தான் இதை வெறும் வாடகைச் சிக்கலாகப் பார்க்க முடியாது என்கிறோம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமை காரணமாகவே அது நடந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சமூக, பொருளாதார வகையில் புறக்கணிப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது.

வழக்குப் போட்டுவிட்டுத்தான் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமன்று. ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு. சேர்ந்து அறை எடுக்கும்போது, தங்கப்போகும் எல்லோருடைய பெயரையும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதக் கேளுங்கள். எல்லோர் பெயரும் இருந்தால் உள்வாடகை என்ற பேச்சே எழாது. பின்னால் வந்து சேர்கிறவர், வீட்டுக்காரரிடம் இரண்டு வரியிலாவது கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். வாடகையையும் அட்வான்ஸ் பங்கையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி விரட்டப் பார்த்தால், அது சட்டப்படி தவறு. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். சாதியைச் சொல்லி மறுத்தால், நாள், இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். புகார் கொடுக்க முடிவெடுக்கும் நாளில் அது உதவும்.

சாதி கடந்து அறையில் இடம் கொடுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனசு பெரிது. அதோடு நின்றுவிடாமல், "இவன் என்னோடு தங்குகிறான்" என்று வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நண்பனை ஒளித்துவைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு, அவனை ஒவ்வொரு நாளும் ஒளிந்தே வாழச் செய்கிறது.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் இடம் கிடைக்காமல் திரும்பும் மாணவர்களின் பட்டியலைக் கல்லூரி வாரியாக எடுத்து, அதற்கேற்ப இடங்களைக் கூட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், உள்வாடகைச் சம்மதம் ஆகியவற்றின் மாதிரிப் படிவங்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, கல்லூரிகளிலும் கொல்லிமலை வட்டாட்சியர் அலுவலகத்திலும் வைக்க வேண்டும். சாதி கேட்டு வீடு மறுப்பது குற்றம் என்ற வரியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை செம்மேட்டுப் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளை, தன் பெயரையும் தன் ஊரையும் சொல்லியே அறை கேட்கட்டும். கொடுக்கிற சாவியும் எழுதுகிற காகிதமும் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.