ஒளியை உண்ணும் சிப்பி



பொம்மையார்பாளையத்திலிருந்து வடக்கே மரக்காணம் வரை செல்வோர், உப்பளங்களில் வெயில் செய்யும் வேலையைக் கண்டிருப்பீர்கள். கடல்நீரை உப்பாக்கும் அதே வெயில், லட்சத்தீவின் பவளப்பாறைகளில் வாழும் ராட்சதச் சிப்பிக்கு உணவும் ஊட்டுகிறது.

நாமறிந்த மட்டி, நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்கிறது. ராட்சதச் சிப்பியும் அவ்வாறு உண்ணும். ஆயினும் அதன் பெரும்பகுதி உணவு ஒளியிலிருந்தே கிடைக்கிறது. ஓட்டுக்கு வெளியே விரியும் அதன் வண்ணச் சதையில் எண்ணற்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியால் சர்க்கரை சமைத்து, வீட்டுக்காரருக்கு வாடகையாகத் தருகின்றன.

வெளிநாடுகளில் இதைச் சிறு கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர், பவளங்களுக்கென்றே செய்த வலிய எல்.இ.டி. விளக்கை நாள்தோறும் சுமார் 10 மணி நேரம் எரிக்கின்றனர். அறையின் குழல்விளக்கு போதாது. மாக்சிமா இனத்துக்கு மிகுந்த ஒளி வேண்டும். ஸ்குவாமோசா சற்றுக் குறைவிலும் தாங்கும். புதுச் சிப்பிக்கு ஒளியைத் திடீரெனக் கூட்டினால் சதை வெளிறிவிடும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும்.

ஒளி குறைந்தால் சிப்பி உடனே மடிவதில்லை. மெல்ல மெல்லப் பட்டினியால் நலிகிறது. அழகை மட்டும் நோக்கும் கண்களுக்கு அந்தப் பசி தெரியாது.

நம் நாட்டில் இவ்விரு இனங்களும் 2001ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். எவரேனும் விற்க வந்தால் மறுத்துவிடுங்கள். தொட்டி வைத்திருப்போர் வேறு மீன்களை வளர்க்கலாம். வெயிலை உண்ணும் உயிரை வெயிலிலேயே விட்டுவிடுவோமே!