ஒரே வெடியாம்!

மான் கறி சாப்பிட்ட எல்லாருக்கும் ஒரு வசனம் பாடம். "ஒரே வெடி, அந்த இடத்திலயே விழுந்திட்டுது. நொந்திருக்காது." வன்னிப் பக்கத்தில் வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்து நிற்கிற வீடுகளில் இறைச்சியோடு சேர்த்து இதையும் பரிமாறுவார்கள். நாங்களும் சாப்பிட்டிருக்கிறோம், தலையாட்டியும் இருக்கிறோம். ஆகவே மேடையில் ஏறி நின்று இதை எழுதவில்லை.

ஒட்டுசுட்டான் பக்கம் நண்பன் ஒருவனின் வீட்டில் இரவு அப்படித்தான் சாப்பிட்டோம். அடுத்த நாள் விடிய குளக்கட்டில் நடந்து போகையில் ஒரு பெட்டை மான் தண்ணிக்கரையில் நின்றது. எங்களைக் கண்டும் ஓடவில்லை. கிட்டப் போகத்தான் தெரிந்தது, கீழ்த்தாடை இல்லை. வாயிருந்த இடம் முழுக்க இலையான். தண்ணியில் முகத்தை வைக்கிறது, எடுக்கிறது, திரும்ப வைக்கிறது. குடிக்க முடியவில்லை. "அது பழைய வெடி. ஆரோ பிழைச்சு விட்டிட்டாங்கள்" என்றார் எங்களோடு வந்த மாமா. முதல்நாள் இரவு அந்த வசனத்தைச் சொன்னவரும் அவர்தான்.

சரி, ஒரே வெடியில் மானை விழுத்த உண்மையில் என்ன வேண்டும்? வேட்டை சட்டபூர்வமாக இருக்கிற நாடுகளில் ரைபிள் வைத்திருப்பவர் முதலில் காட்டுக்குப் போவதில்லை, சூட்டுத்திடலுக்குப் போகிறார். மேசையில் மண்மூட்டை வைத்து, துவக்கை அதன்மேல் அசையாமல் இருத்தி, 100 மீற்றரில் உள்ள கடதாசிக்கு மூன்று வெடி. ஒரு வெடி எங்கே பட்டது என்று பார்த்துப் பிரயோசனமில்லை. மூன்றும் எங்கே கூடி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு தொலைநோக்கியின் திருகைத் திருப்புகிறார். வழமையான தொலைநோக்கியில் ஒரு 'கிளிக்' 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நகர்த்தும். திரும்ப மூன்று வெடி. கண் பார்ப்பது நேர்கோட்டில், குண்டு போவது வளைவில். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிற தூரத்தை அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோட்டாவின் வகையை மாற்றினால் திரும்ப முதலிலிருந்து. துவக்கு கீழே விழுந்தாலும் அப்படித்தான்.

அதுக்குப் பிறகும் தலைக்கு அடிக்கப் பெரும்பாலானோர் துணிவதில்லை. மானின் மூளை சின்னது, தலையோ எந்த நேரமும் ஆடிக்கொண்டிருப்பது. கொஞ்சம் விலகினால் தாடை போகும். முன்னங்கால் சந்துக்குப் பின்னால் நெஞ்சறைக்குத்தான் குறி. நுரையீரலும் இதயமும் அங்கே இருப்பதால் கை கொஞ்சம் பிசகினாலும் மான் விரைவாகச் சாகும். அப்படிப் பட்ட மான்கூட பத்து ஐம்பது மீற்றர் ஓடித்தான் விழும். வயிற்றில் பட்டால் மணித்தியாலக்கணக்கில் கிடந்து சாகும். இரத்தத்தைப் பார்த்துப் பின்னால் போய்த் தேடி முடிக்கிற வேலையும் சுட்டவருடையதுதான்.

நோர்வேயில் பெரிய மிருகங்களைச் சுடப் போகிறவர் ஒவ்வொரு வருடமும் சோதனை எழுதுகிற மாதிரித் துவக்கோடு போய் நிற்க வேண்டும்: 100 மீற்றரில் 5 வெடி, ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள். காயப்பட்ட மானைத் தேடப் பழக்கிய நாய்க்கும் முன்கூட்டியே ஒழுங்கு செய்திருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் பொதுவாக இரவில் மானைச் சுடுவதைத் தடுக்கிறது. சுருக்கு வைப்பதும் குற்றம். உட்பக்கம் வரி வெட்டாத, வழுவழுப்பான குழல் துவக்கால் சுடுவதற்கும், சில விதிவிலக்குகள் தவிர, தடைதான்.

இப்ப எங்கட பக்கம் பாருங்கோ. இரவு. தலையில் லைற். கையில் இடியன். குழலுக்குள் மருந்தையும் சன்னத்தையும் போட்டுக் கம்பியால் இடிச்சு அடைக்கிற அந்தத் துவக்குக்குக் குழலில் வரியும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. மருந்து கையளவு, ஆகவே ஒரு வெடி மாதிரி இன்னொரு வெடி இருக்காது. இதில் எதைக் குறி சரிபார்க்கிறது? லைற் வெளிச்சத்தில் தெரிவது இரண்டு கண் மட்டும்தான். கண்ணுக்கு நடுவில் அடிக்கிறார்கள். குளக்கட்டு மானின் தாடைக்கு என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்கு அதுக்குப் பிறகுதான் விளங்கியது.

கட்டுத்துவக்கைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அதுக்குப் பின்னால் ஒரு கண்கூட இல்லை, கயிறு மட்டும்தான். பன்றிக்கு என்று கட்டின உயரம் தேன் எடுக்கப் போற மனிசருக்கு முழங்கால் உயரம். மாடு தேடிப் போனவர்கள் கால் போய்த் திரும்பி வந்த கதையை எங்கள் ஊர்களில் ஆரிட்ட கேட்டாலும் சொல்லுவினம். சுருக்குக் கம்பியும் அப்படித்தான், வருவது ஆர் என்று பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கம்பியில் மாட்டிச் செத்தது ஒரு கருஞ்சிறுத்தை.

"அப்ப வெள்ளைக்காரன் திருகு திருப்பிச் சுட்டால் சரியோ?" என்று கேட்பீர்கள். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. மானைச் சுடவே கூடாது என்பவர்களும் இருக்கிறோம், பயிரை இழந்த வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறோம். பன்றிப் பிரச்சினை உண்மையான பிரச்சினை, அதை வேறாகக் கதைப்போம். ஆனால் மானும் மரையும் இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. காட்டில் சிறுத்தையின் சாப்பாடும் அவைதான். அந்த இறைச்சி விருந்துக்காக ரகசியமாக விலைக்கு வருகிறது. பசிக்காகச் சுட்டது என்ற கதை எங்கள் மேசைகளுக்குப் பொருந்தாது. நோர்வேக்காரனின் காணொளியைப் பார்த்துவிட்டு அவனுடைய 'நோகாமல் கொல்லுதல்' என்ற கதையை இடியனுக்கு மாட்டிவிடுகிறோமே, அதைத்தான் பொய் என்கிறோம். அந்தப் பொய் சுட்டவரைவிடச் சாப்பிடுகிற எங்களுக்குத்தான் கூடத் தேவைப்படுகிறது.

போன மாதம் வேறொரு வீட்டில் திரும்ப அதே வசனம் வந்தது. இந்த முறை கேட்டோம்: எந்த இடத்தில் பட்டது? எவ்வளவு தூரம் ஓடினது? இதுக்கு முதல் பிழைச்சுப் போனவை எத்தனை, அதுகளைத் தேடிப் போனது ஆர்? கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு வீட்டுக்காரர் சட்டியை எங்கள் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்கோ தம்பியவை, ஆறப்போகுது."

நாங்கள் பருப்பையும் சம்பலையும் எடுத்துக்கொண்டோம். அவருக்குக் கோபம்தான்.