சத்திரம் தேடி வந்தவர்கள் அல்ல

இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி சொன்னார். இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை நாடுகடத்தக் கூடாது என்று கேட்ட வழக்கு அது. இரண்டு நாள் எல்லோரும் கோபப்பட்டோம், பிறகு மறந்துவிட்டோம். முகாமில் இருப்பவர்களால் மறக்க முடியாது.

அங்கிருப்பவர்களில் மலையகத் தமிழர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சமும் சாதியும் துரத்த, கங்காணிகளோடு கப்பலேறிய தமிழகக் கூலிகளின் வாரிசுகள் அவர்கள். பெரும்பாலோர் சேரி மக்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1983 வன்முறைக்குப் பின் படகேறி வந்தவர்களை இந்தியச் சட்டம் எப்படி அழைக்கிறது? 'சட்டவிரோதக் குடியேறிகள்'.

முகாமுக்குப் போனால் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். பதில் தெரியாமல் போகாதீர்கள், தோழர்களே.

"இங்கேயே பிறந்த பிள்ளை இந்தியர் இல்லையா?" பிறந்த தேதியைப் பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு, 2004 டிசம்பர் 3க்கு முன் என்றால், பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு என்றால், ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அதாவது தாய் இந்தியர், தகப்பன் முகாம்காரர் என்றால், 2005இல் இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாயின் நாடு கிடையாது.

"இந்தியரைக் கல்யாணம் செய்தால் கிடைக்குமா?" ஏழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தால் பதிவு செய்யலாம் என்கிறது சட்டம். ஆனால் சட்டவிரோதக் குடியேறி அந்த விண்ணப்பத்தையே போட முடியாது.

"அனுப்பிவிடுவார்களா?" 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு என்று 2025இல் மத்திய அரசு ஆணையிட்டது. அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமல்ல, மனிதர் எல்லோருக்கும் உண்டு. சக்மா அகதிகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் விலக்கு வேறு, உரிமை வேறு. ஓர் ஆணை கொடுத்ததை இன்னோர் ஆணை பறித்துக்கொள்ளும்.

வஞ்சகம் இங்கேதான் இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் 2015இல் இப்படித்தான் விலக்கு கொடுத்தார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அந்த விலக்கையே குடியுரிமைக்கு வாசலாக்கியது. நம் மக்களுக்கு மட்டும் அது சிறைக்குப் போகாமல் இருக்க ஒரு காகிதம். மதம்தான் அளவுகோல் என்றால், முகாமில் இருக்கும் இந்துக்கள் யாருடைய இந்துக்கள்?

தமிழ்நாட்டு மேடைகளையும் விட மாட்டோம். முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானமும் போட்டார்கள். நல்லது. ஆனால் எல்லோரையும் 'ஈழத் தமிழர்' என்று ஒரே பெயரில் அடைத்ததால், பாட்டன் பிறந்த சேரி இன்றும் இங்கேயே இருக்கும் மக்களின் தனி வழக்கு காணாமல் போனது. 2019இல் மதுரைக் கிளை அந்த வழக்கைக் கேட்டது. இந்திய வம்சாவளியினர் 65 பேரின் விண்ணப்பங்களை மத்திய அரசு 16 வாரங்களில் முடிவு செய்ய வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை எத்தனை மேடைகளில் கேட்டோம்?

முழக்கம் மட்டும் போதாது. பிறப்புச் சான்றுகளையும், தோட்டத்துக் காகிதங்களையும், பாட்டி சொல்லும் ஊர்ப்பெயரையும் எழுதி வாங்குவோம். 1987க்கு முன் பிறந்தவர்களை முதலில் தேடிப் பிடிப்போம். அப்படிப் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்க் கடவுச்சீட்டுக்கு உத்தரவு வாங்கியிருக்கிறார். மற்றவர்களுக்கு 'சட்டவிரோதம்' என்ற சொல்லே நீங்க வேண்டும்.

அவர்கள் சத்திரம் தேடி வந்தவர்கள் அல்ல. சொந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.