மூக்கைத் தூக்கின பிக்கப்பும் அப்பாவின் முதுகும்

டெக்ஸாஸுக்கு வேலைக்கு வர்ற நம்ம பசங்க முதல்ல ஒரு கேம்ரி வாங்குவாங்க. வீடு வாங்கினதும் பிக்கப் ஆசை வரும். பிக்கப் வந்து மூணு மாசத்துல 'லெவலிங் கிட்' ஆசை வந்துரும். இந்த மூணாவது ஆசையைப் பத்திதான் பதிவு. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன் மக்களே: லெவல் பண்றதுல தப்பில்லை, முழுசா லெவல் பண்றதுதான் தப்பு.

புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி. வெறும் பிக்கப்பைப் பக்கவாட்டுல பாத்தா, பின்பக்கம் முன்பக்கத்தை விட ஒண்ணுல இருந்து ரெண்டரை அங்குலம் வரைக்கும் உசரமா இருக்கும். மூக்கு குனிஞ்ச மாதிரி தெரியும். பசங்களுக்கு அது பிடிக்காது. முன் ஸ்ட்ரட்டுல ஒரு வளையத்தைச் செருகி மூக்கைத் தூக்கி விட்டுர்றாங்க. செலவும் கம்மி, வண்டியும் கம்பீரமா நிக்கும்.

ஆனா அந்தக் குனிவு டிசைன் பண்ணினவன் தூங்கிட்டதால வந்தது இல்லைங்க. ஊர்ல மாட்டு வண்டியில மூட்டை ஏத்தறவரைக் கேளுங்க, பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேல எழும்பி மாட்டுக் கழுத்தை இழுக்கும்பார். அதே கணக்குதான் இங்கயும். 6000 பவுண்டு ட்ரெய்லர் இழுத்தா, அதுல 10 முதல் 15 சதவீதம், அதாவது 600 முதல் 900 பவுண்டு வரை, கொக்கியில வந்து உக்காரணும். கொக்கி இருக்கறது பின் அச்சுக்கும் பின்னால. நெம்புகோல் மாதிரி பின்பக்கம் அமுங்க, முன்பக்கம் எழும்பும். அதுக்காக விட்டு வச்ச இடம்தான் அந்த ரெண்டு அங்குலம். காலியா இருக்கும்போதே அதைத் தின்னுட்டா, பாரம் ஏத்தினதும் வண்டி வானத்தைப் பாக்கும். ஸ்டியரிங் பண்ற சக்கரத்துல எடை குறையும். குடும்பத்தோட ஹைவேயில போறப்ப இது விளையாட்டு இல்லை.

சரி, சொகுசு மேட்டருக்கு வருவோம். "கிட் போட்டா ஸ்பிரிங் கெட்டியாயிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதறவன் நான். (நாலு வருஷப் படிப்புல ஹூக் விதி மட்டும்தான் மிச்சம்.) அது சரியில்லை. ஸ்பிரிங் அதேதான், மேல இருக்கற எடையும் அதேதான், அப்ப அமுங்கற அளவும் அதேதான். வேற ஒண்ணு போயிடுது. சக்கரம் கீழ இறங்கறதுக்கான இடம்!

ஸ்பிரிங்குக்கும் அதோட இருக்கைக்கும் நடுவுல வளையம் வச்சா, ஷாக் அப்சார்பர் ஏற்கனவே நீண்டு போய் நிக்கும். பள்ளம் வந்தா சக்கரம் இறங்கணும், இறங்க நீளம் பத்தாது, 'டொக்'. பழைய வண்டிகள்ல டார்ஷன் பாரை முறுக்கி உசத்தறதும் இதே கதைதான். வளையத்தை ஸ்ட்ரட்டோட உச்சியில வச்சா ஷாக்குக்கு இந்தப் பிரச்சனை இல்லை, பதிலா பால் ஜாயின்ட்டும் முன் ஆக்ஸிலும் அதிகக் கோணத்துல வேலை செய்யும். அங்க ஒரு அங்குல வளையம் மூக்கைக் கிட்டத்தட்ட ரெண்டு அங்குலம் தூக்கிடும், ஏன்னா ஸ்ட்ரட் கீழ் ஆர்மோட நடுவாந்தரத்துலதான் உக்காந்திருக்கு. இது தெரியாம ரெண்டு அங்குல வளையம் கேக்கற ஆளுங்களும் இருக்காங்க.

நண்பர் ஒருத்தர் இப்படித்தான் ரெண்டரை அங்குலம் தூக்கினார். கூடவே 33 இஞ்ச் டயர், அதுவும் பாரவண்டிக்கான 'ஈ' ரேட்டிங். அந்த நேரம் பார்த்து திருச்சியில இருந்து அவங்க அப்பா ஆறு மாசத்துக்கு வந்து இறங்கினார். டிஸ்க் பிரச்சனை உள்ள மனுஷன். பின் சீட்ல ஒரு தடவை கோயிலுக்குப் போய்ட்டு வந்து என்கிட்ட சொன்னார்: "தம்பி, இதுக்கு எங்க வயலூர் ரோட்டு மினி பஸ்ஸே தேவலாம்." அப்புறம் அந்த வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டார். நண்பர் கிட்டைத் திட்டினார். பாதிக் குற்றவாளி டயருங்க. அதோட சுவர் கெட்டி, எடையும் அதிகம், கடைக்காரர் காத்தை வேற ஏகத்துக்கும் அடிச்சு வச்சிருந்தார். கிட் போடற அன்னிக்கே டயரும் மாத்தறதால பழி ஒண்ணு மேலயே விழுது. பழைய மாதிரி சாதா டயருக்கு மாறி, தூக்கினதையும் ஒண்ணேகால் அங்குலமாக் குறைச்ச பிறகு பெரியவர் கால்வெஸ்டன் வரைக்கும் போய் கடல் பாத்துட்டு வந்தார்.

ஆக, என் சிபாரிசு இதுதான். நாலு சக்கரத்துக்கும் நடு அச்சுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளங்க. வித்தியாசத்துல முக்கால் அங்குலத்தைத் தொடாம விட்டுட்டு மீதியைத் தூக்குங்க. முடிஞ்சா வளையத்துக்குப் பதிலா பில்ஸ்டீன் 5100 மாதிரி ஷாக்கையே மாத்துங்க. அதுலயும் ஸ்பிரிங் இருக்கை மேல ஏறத்தான் செய்யும், ஆனா ஷாக் அந்த உசரத்தை மனசுல வச்சுச் செஞ்சது. மேல் பள்ளத்துக்குப் போகாம கீழ் பள்ளத்துலயே நிறுத்திக்கோங்க. அலைன்மென்ட் கட்டாயம். காசு இருக்கறவங்களுக்கு ராம் 1500-ல 2013 மாடல்ல இருந்து ஏர் சஸ்பென்ஷன் கிடைக்குது. அது பாரம் ஏத்தின பிறகு வண்டியை லெவல் பண்ணும். உண்மையில லெவலிங்னா அதுதான்! (பர்ஸும் லெவலாயிடும்.)

கடைசியா, எதிர்ல வர்றவன். மூக்கை ரொம்பத் தூக்கி ஓட்டற மோகம் எல்லை மீறி, வட கரோலினா 2021 டிசம்பர்ல இருந்து முன் ஃபெண்டர் பின்னதை விட நாலு அங்குலமோ அதுக்கு மேலயோ உசரமா இருக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டுச்சு. 2022-ல வர்ஜீனியா, 2023-ல தென் கரோலினா. நாம அவ்வளவு போறதில்லைதான். ஆனா எஃப்-150 மாதிரி 145 அங்குல சக்கர இடைவெளி உள்ள வண்டியில முன்பக்கம் ரெண்டு அங்குலம் தூக்கினா, விளக்கு உசந்தது போக, சாய்வால மட்டுமே 25 அடி தள்ளி இருக்கற சுவத்துல ஹெட்லைட் வெளிச்சம் நாலு அங்குலம் மேல போகும். லோ பீமே ஹை பீமாட்டம் அடிக்கும். கேராஜ் கதவுக்கு எதிர்ல 25 அடியில வண்டியை நிறுத்தி, கிட் போடறதுக்கு முன்னாடியே வெளிச்சத்தோட மேல் விளிம்புல டேப் ஒட்டிடுங்க. போட்ட பிறகு, விளக்கு எவ்வளவு உசந்துச்சோ அதை மட்டும் கூட்டிக்கிட்டு, திருகைத் திருப்பி அந்தக் கோட்டுக்கே இறக்குங்க. பத்து நிமிஷ வேலை.