சென்ட் பட்டன் யார் கையில்?

போன கோடை லீவுல கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் பண்ணினேன். பம்ப், மோட்டார், ஃபவுண்டரி வெச்சிருக்கிறவங்களுக்கு ஸ்டாக் கணக்கு பார்க்கிற சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனி. எனக்குக் கொடுத்த வேலை ஒரே வரி: "நம்ம அவுட்ரீச் பிளாட்ஃபார்மோட ஒரு ஏஐ ஏஜென்ட்டை கனெக்ட் பண்ணிடுப்பா."

பண்ணிட்டேன். ஒரே மதியத்துல முடிஞ்சது. அதுக்கு அப்புறம் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஏஜென்ட்டுக்குத் தேடுற வேலையைக் கொடுங்க, எழுதுற வேலையைக் கொடுங்க. அனுப்புற அதிகாரத்தை மட்டும் கொடுக்காதீங்க.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. அவுட்ரீச் பிளாட்ஃபார்ம்னா, முன்பின் தெரியாத ஆட்களுக்கு விற்பனை மெயில் அனுப்புற மெஷின். பெயர், கம்பெனி, மெயில் ஐடி இருக்கிற பட்டியலை அதில் ஏத்தணும். பிறகு ஒரு சீக்வென்ஸ் போடணும்: முதல் நாள் அறிமுக மெயில், மூணு நாள் கழிச்சு ஒரு நினைவூட்டல், அடுத்த வாரம் இன்னொண்ணு. பதில் வந்தா சீக்வென்ஸ் நின்னுடும். பல வருஷமா இருக்கிற விஷயம்தான். இதுல மூளை கிடையாது, கடிகாரம் மட்டும்தான்.

ஏஜென்ட் வந்தா அந்தக் கடிகாரத்துக்கு மூளை வருது. பிளாட்ஃபார்மோட ஏபிஐ-யில் இருக்கிற ஒவ்வொரு வேலையும் (ஆளைச் சேர், மெயில் எழுது, அனுப்பு, பதிலைப் படி) ஒரு டூலா மாடல் முன்னாடி வைக்கப்படுது. எதை எப்போ கூப்பிடணும்னு மாடலே முடிவு பண்ணும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமா எம்சிபி, வெளியிட்ட பிறகு இது இன்னும் சுலபம். பிளாட்ஃபார்ம்காரங்களே எம்சிபி சர்வர் கொடுத்திருந்தா, அட்ரஸையும் கீயையும் போட்டா போதும்.

அந்தக் கீ-யில்தான் என் தப்பு ஆரம்பிச்சது. படிக்க, எழுத, அனுப்ப, அழிக்க எல்லா அனுமதியும் இருக்கிற கீ-யை எடுத்தேன். ஏன்னு கேட்டா, அந்த டிராப்-டவுன்ல முதல்ல இருந்தது அதுதான். வேறு எந்த ஆழமான காரணமும் இல்ல.

மூணாவது வாரம். பட்டியலில் இருந்த ஒரு பம்ப் கம்பெனி முதலாளிக்கு ஏஜென்ட் மெயில் அனுப்பியிருக்கு. அவர் பையன் பதில் போட்டிருக்கார், நாம வாட்ஸ்அப்ல எழுதுற மாதிரி ஆங்கில எழுத்துல தமிழ். அப்பா போன மாசம் தவறிட்டாங்க, இப்போ நான்தான் பாத்துக்கறேன்னு ரெண்டே வரி. ஏஜென்ட் அதைப் படிச்சது. "தவறிட்டாங்க" அதுக்குப் புரியல. "இப்போ நான்தான் பாத்துக்கறேன்" நல்லாவே புரிஞ்சது. நாலே நிமிஷத்துல பதில் போயிருச்சு: புதிய பொறுப்பை ஏற்றதற்கு மனமார்ந்த வாழ்த்துகள், இந்த நல்ல நேரத்தில் ஒரு டெமோ பார்க்கலாமா?

கீழே என் பெயர் இருந்தது. ஏன்னா மெயில் என் ஐடி-யில் இருந்துதான் போகும்படி வெச்சிருந்தோம்.

மாடல் மேல பழியைப் போட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா லாக் எடுத்துப் பார்த்தப்போ, பிராம்ப்ட்டில் நானே எழுதின ஒரு வரி இருந்தது: "புதுசா பொறுப்புக்கு வந்தவர்னா வாழ்த்து சொல்லித் தொடங்கு." விற்பனையில் இது சாதாரண டெக்னிக். ஆள் மாறினா புதுசா வாங்க வாய்ப்பு அதிகம், அதனால ஆள் மாறுறதை ஒரு சிக்னலா எடுத்துப்பாங்க. ஒருத்தர் இறந்துபோனாலும் ஆள் மாறும்கிறது அந்த வரியை எழுதும்போது எனக்குத் தோணவே இல்ல. ஏஜென்ட் நான் சொன்னதை அப்படியே செஞ்சது.

டீம்ல இதைப் பேசினப்போ சீனியர் அண்ணா ஒருத்தர் நியாயமான கேள்வி கேட்டார். "ஒவ்வொரு மெயிலையும் மனுஷன் படிச்சா ஸ்கேல் எப்படி ஆகும்? அப்புறம் ஏஜென்ட் எதுக்கு?"

இதுக்குப் பதில் மெயில் உலகத்துலயே இருக்கு. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமா மெயில் அனுப்புறவங்களுக்கு விதிகளை இறுக்கினாங்க. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் சரியா இருக்கணும். ஒரே கிளிக்கில் பட்டியலை விட்டு விலக வழி இருக்கணும். முக்கியமா, ஸ்பேம்னு வர்ற புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழ இருந்தா நல்லதுன்னு கூகுள் சொல்லுது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆயிரம் மெயிலில் மூணு பேர் கடுப்பாகி ஸ்பேம் பட்டனை அமுக்கினா போதும், அந்த டொமைனுக்கே கெட்ட பேர். அதுக்கப்புறம் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்புற பில் கூட ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகலாம். நம்ம ஊர்ல சின்னத் தொழில் பண்றவங்க பலர் சாதாரண ஜிமெயில் ஐடி-தான் வெச்சிருக்காங்க. அதனால இந்த விதி நம்மளை நேரடியாவே தொடும். ஆக, ஏஜென்ட் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் மெயில் எழுதலாம். அனுப்புறதுக்கு இடம் இல்ல. ஐம்பது மெயிலை ஒழுங்கா அனுப்புறதுதான் வியாபாரத்துக்கும் நல்லது. ஐம்பதை ஒரு மனுஷன் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள படிச்சிடலாம்.

ரெண்டாவது விஷயம் பாதுகாப்பு. பதில் மெயில்னா வெளியாள் எழுதின டெக்ஸ்ட். அதை ஏஜென்ட் படிக்கும்போது, எது தகவல், எது கட்டளைன்னு அதால உறுதியா பிரிக்க முடியாது. இதைத்தான் பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்னு சொல்றாங்க. 2025 செப்டம்பரில் நோமா செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சேல்ஸ்ஃபோர்ஸின் ஏஜென்ட்ஃபோர்ஸில் கண்டுபிடிச்ச ஓட்டையை வெளியிட்டாங்க. வெப்சைட்டில் வாடிக்கையாளர் நிரப்புற படிவத்தில், விவரம் எழுதுற கட்டத்துல கட்டளையை ஒளிச்சு வெச்சாங்க. பிறகு ஊழியர் அந்த லீடைப் பத்தி ஏஜென்ட்கிட்ட கேட்டதும், உள்ளே இருக்கிற வாடிக்கையாளர் தகவலை வெளியே அனுப்ப வைக்க முடிஞ்சது. சேல்ஸ்ஃபோர்ஸ் அதைச் சரி பண்ணிடுச்சு. ஆனா அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா, ஒரு மதியத்துல கனெக்ட் பண்ணின என் ஏஜென்ட் எந்த மூலைக்கு? ரகசியத் தகவல், வெளியாள் எழுத்து, வெளியே அனுப்புற வழி. இந்த மூணும் ஒரே ஏஜென்ட் கையில் சேரும்போதுதான் ஆபத்து. அதுல நம்மால சுலபமா எடுக்க முடிஞ்சது மூணாவதுதான்.

மூணாவது, பொறுப்பு. ஏர் கனடாவோட சாட்பாட் ஒரு பயணிக்குத் தப்பான தகவல் சொன்னது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவங்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிஞ்ச பிறகும் கேட்டு வாங்கலாம்னு சொல்லிடுச்சு. வழக்கு வந்தப்போ, சாட்பாட் தனி அமைப்பு, அது சொன்னதுக்கு அதுதான் பொறுப்புன்னு கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏத்துக்கல; நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. மெஷின் பேசினாலும் பேச்சு உன்னோடதுதான்.

அதனால, கனெக்ட் பண்ணப் போற நண்பர்களுக்கு நான் சொல்றது இதுதான். படிக்கவும் டிராஃப்ட் எழுதவும் மட்டும் அனுமதி இருக்கிற தனி கீ எடுங்க. பிளாட்ஃபார்ம்ல அந்த வசதி இல்லன்னா, அனுப்புற டூலை மாடல் கண்ணுலயே காட்டாதீங்க. "அனுப்பாதே"ன்னு பிராம்ப்ட்டில் எழுதுறது பூட்டு இல்ல, வெறும் வேண்டுகோள். மெயில் வேண்டாம்னு சொன்னவங்க பட்டியலை கோடில் தனியா வெச்சு சரிபாருங்க, மாடலோட ஞாபகத்தை நம்பாதீங்க. பதில்னு எது வந்தாலும் சீக்வென்ஸ் நிக்கட்டும்; அடுத்த வரியை மனுஷன் எழுதட்டும். ஆங்கில எழுத்துல தமிழ் வந்தா கண்டிப்பா மனுஷன்தான் படிக்கணும்.

இது சேல்ஸ்காரங்க பிரச்சனைன்னு நினைக்காதீங்க. பிளேஸ்மென்ட் சீசன் வருது. நம்ம பேட்ச்லயே ஏஜென்ட் வெச்சு நூத்துக்கணக்கான ஹெச்ஆர்-க்கு மெயில் தட்டிட்டு இருக்காங்க. "உங்கள் சமீபத்திய பதிவு என்னை மிகவும் கவர்ந்தது"ன்னு, படிக்காத பதிவைப் பத்தி. அந்த மெயிலுக்குக் கீழயும் நம்ம பெயர்தான் இருக்கு.

அந்தப் பையனுக்கு அன்னைக்கே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார்னு எதிர்பார்த்தேன், திட்டல. "பரவாயில்லீங்க தம்பி"ன்னு சொல்லிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான் எழுதினதை நீங்க படிச்சீங்களா?"

"இல்லீங்கண்ணா"ன்னு சொன்னேன். அவர் வேற எதுவும் கேட்கல.

போனை வெச்சதும் அந்த கீ-யை அழிச்சுட்டு வேற கீ எடுத்தேன். இந்தத் தடவை டிராப்-டவுனைக் கடைசி வரைக்கும் இறக்கிப் பார்த்தேன்.